அவிநாசியப்பர் கோயில்

அவிநாசியப்பர் கோயில் திருப்பூர் மாவட்டம் அவிநாசியில் உள்ள தொன்மையான சிவாலயம். பெருமாநல்லூருக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ளது. தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழில் ஒன்று. அம்மன் கருணாம்பிகை, தலமரம் பாதிரி.

வரலாறு

இன்று நிற்கும் கற்கட்டடத்தைவிட இக்கோயிலின் பாட்டு மூத்தது. 8ஆம் நூற்றாண்டினரான சுந்தரர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. அப்போது ஊர் புக்கொளியூர். அவிநாசி என்பது இறைவனின் பெயர். பின்னாளில் அதுவே ஊர்ப்பெயராக நிலைத்தது.

முதலை விழுங்கிய பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லும் வேண்டுதல் அப்பதிகத்திலேயே உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரித்துரைத்தார். எதிரெதிரான இரு வீடுகளில் ஒன்றில் பூணூல் கல்யாணம், மற்றொன்றில் அழுகை. சேர்ந்து குளிக்கப் போன சிறுவர் இருவரில் ஒருவனை முதலை விழுங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சுந்தரர் பாட, அத்தனை ஆண்டு வளர்ச்சியோடும் அவன் கரையேறினான்.

கொங்கு நாடு சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூர் உடையார் எனக் கைமாறியபோதும் வழிபாடு தொடர்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இத்தலத்து முருகனைப் பாடினார். தற்போது கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளது.

கட்டடக்கலை

கோயில் கிழக்கு நோக்கியது. ராஜகோபுரம் ஏழு நிலை கொண்டது. கோபுரங்களுக்கே உரிய முறையில், பாரம் தாங்கும் அடித்தளம் கருங்கல்லாகவும், மேல் நிலைகள் எடை குறைந்த செங்கல்லும் சுதையுமாகவும் எழுந்துள்ளன. முன்னால் நிற்கும் உயரமான விளக்குத்தூண் கொங்கு நாட்டுக் கோயில்களின் அடையாளம். கருணாம்பிகை சன்னதி சுவாமிக்கு வலப்புறம் தனியே அமைந்திருப்பது இங்குள்ள சிறப்பு. பிள்ளையை உமிழும் முதலையும் கல்லில் வடிக்கப்பட்டுள்ளது.

விழாக்கள்

சித்திரைத் தேரோட்டமே பெருவிழா. இத்தேர் தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்று. ஊரார் வடம் பிடிக்க, சக்கரத்தை ஒட்டியே நடப்பவர்கள் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பியும் நிறுத்தியும் நிலை சேர்க்கிறார்கள். பங்குனி உத்திரத்தை ஒட்டித் தாமரைக்குளத்தில் முதலைவாய்ப் பிள்ளை உற்சவம் நடக்கிறது.

2024 பிப்ரவரி 2 அன்று குடமுழுக்கு நடைபெற்றது. திருப்பணிகளின்போது சுவர்களிலுள்ள கல்வெட்டுகள் எழுத்துச் சிதையாமல் காக்கப்பட வேண்டும். எந்த அரசர் காலத்தில் யார் என்ன கொடை அளித்தார் என்பதற்கு அவையே நேர்ச்சான்று.