கள்ளும் கருவாடும்: உப்பு வளர்த்த உறவு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதி, வல்லைவெளியைக் கடந்து வடமராட்சிக்குள் புகுந்ததும், நெல்லியடிச் சந்தியை அடைகிறது. கரவெட்டி, கரணவாய் முதலிய ஊர்கள் சூழ அமைந்த இச்சந்தி நெடுங்காலமாகவே ஒரு வாணிபத் தலம். வடக்கே சில கல் தொலைவிற் கடல், மேற்கே உப்பு விளையும் நீரேரி, எத்திசையும் பனை. கடல் தந்த மீனும், ஏரி தந்த உப்பும், பனை தந்த கள்ளும் சந்திக்கும் இடத்தில் மனிதனின் நாக்கு எதைத் தேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. புளித்த மதுவும் உப்பிட்டு உலர்த்திய ஊனும் ஒன்றையொன்று நாடுவன. இவ்வுண்மையை உலகத்தின் பல நாடுகள் தனித்தனியே கண்டறிந்தன.

தமிழர் இதனை மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊருக்குப் பாணரை வழிப்படுத்துகிறது. அங்கே பரதவர் முதிர்ந்த தேறலைத் தருவர். அதனுடன் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவர் என்று நத்தத்தனார் கூறுகிறார். வழிநடந்து களைத்த கலைஞனுக்கு அளிக்கத்தக்க விருந்தாகவே அப்புலவர் அதனைப் போற்றினார். அதில் இழிவேதும் காணவில்லை.

ஐரோப்பாவில் கடலின் இடத்தைப் பன்றியும் மாடும் பெற்றன. அங்கே மாரிகாலத்தில் தீவனம் அரிது. ஆகவே பனி தொடங்குமுன் விலங்குகளைக் கொன்று, அவ்விறைச்சியைப் பல மாதங்களுக்குக் காக்க வேண்டியிருந்தது. இறைச்சியைக் கொத்தி, உப்பும் மிளகும் கலந்து, கழுவிய குடலினுள் அடைத்து, புகையிலோ குளிர்ந்த காற்றிலோ தொங்கவிட்டனர். இதுவே சொசேஜ். உப்பிடப்பட்டது என்னும் பொருளுடைய இலத்தீன்ச் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது. இத்தாலியரின் சலாமி என்ற பெயரிலும் உப்பைக் குறிக்கும் சொல்லே மறைந்து நிற்கிறது.

பியர் அருந்துவோர் இவற்றுள் எதைத் தேர்வர் என்பதற்கும் ஒரு மரபு உண்டு. போலந்து நாட்டின் கபனோஸ் விரலினும் மெல்லியது. நன்கு உலர்ந்து, முறித்தால் ஒலி எழுப்பும். அது இலேசான, பொன்னிறப் பியருக்கு ஏற்றது. தென் ஜெர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வழங்கும் லாண்ட்யேகர் தட்டையாக அழுத்தி, புகையூட்டி உலர்த்தப்படுவது. வேட்டைக்காரரும் வழிப்போக்கரும் சட்டைப்பையில் வைத்துச் சென்ற பண்டம். அதன் புகைமணம் கரிய, கனத்த பியருடன் இணங்கும். கொழுப்பு மிகுந்த சலாமியை மெல்லியதாகச் சீவ வேண்டும். அதன் கொழுப்பைப் பியரின் கசப்பும் நுரையும் வாயிலிருந்து கழுவிவிடும். உப்பு தாகத்தைத் தூண்டும். மது மீண்டும் உப்பை வேண்டும். தேர்வின் இரகசியம் இவ்வளவே.

அதே இரகசியத்தை வடமராட்சி மக்கள் தம் மண்ணின் பொருள்களைக் கொண்டு கற்றனர். இங்கே முதலிற் பேசப்பட வேண்டியது உப்பு. நெல்லியடிக்கு அயலிலுள்ள கரணவாய் உப்பு பழம்பெருமை வாய்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, தொண்டைமான் என்னும் அரசன் இவ்வுப்பை விரும்பி, மரக்கலங்கள் வந்து செல்லும் பொருட்டு வாய்க்கால் வெட்டுவித்தான் என்றும், அதுவே தொண்டைமானாறு ஆயிற்று என்றும் கூறுகிறது. இது வரலாறாயினும் ஐதிகமாயினும், ஓர் ஆற்றின் பெயருக்கே காரணமாகச் சொல்லப்படும் அளவுக்கு அவ்வுப்பு மதிக்கப்பட்டது என்பது தெளிவு.

அவ்வுப்பின் துணையால் மீன் கருவாடாயிற்று. குளிர்நாட்டான் புகையையும் பனிக்காற்றையும் நம்பினான். வடமராட்சியான் வெயிலை நம்பினான். மீனைக் கீறி, குடல் நீக்கி, உப்பை அடுக்கடுக்காக இட்டு, நீர் வடிந்தபின் மணலிலும் பாயிலும் காயவிட்டான். சந்தையில் கருவாடு தேர்வதும் சலாமி தேர்வதைப் போன்றதொரு கலையே. விரலால் அழுத்தினால் குழி விழலாகாது. மேலே உப்புப் பூத்திருக்கலாம்; செந்நிறம் படிந்திருத்தல் ஆகாது. மணம் உறைப்பாக இருக்கலாம். அழுகலின் நெடி கலத்தல் ஆகாது. நெத்தலியும் சூடையும் பொரித்து நொறுக்குவதற்கு உரியன. கட்டாவும் பாரையும் சதைப்பற்றுள்ளவை. தணலிற் சுட்டுச் சிறுகச் சிறுகப் பிய்த்து உண்பதற்கு உரியன. புளிப்பேறிய கள்ளுக்குச் சுட்ட கட்டாவை விஞ்சிய துணை வேறில்லை என்பது தேர்ந்தவர் முடிபு.

கள்ளும் பியரைப் போன்று மெல்லிய மதுவே. பாளையைச் சீவிக் கட்டிய முட்டியில் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது இனிய கருப்பநீர். பூசாவிடில் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதனைக் கள்ளாக்கிவிடும். பியரைப் போலப் பல வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் இறக்கிய அன்றே அருந்தியாக வேண்டும். ஆகவே கள்ளு நெடுந்தூரம் பயணம் செய்யவில்லை. அதை நாடுவோரே அதனிடம் சென்றனர்.

அவர்கள் சென்ற இடத்தின் பெயரில் ஐரோப்பா நுழைந்தது. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களின் தவேர்ணா என்னும் சொல்லே தவறணை என்று யாழ்ப்பாணத் தமிழில் நிலைத்தது. பீப்பாவும் அவர்கள் தந்த சொல்லே. அமெரிக்காவிற் பிறந்த மிளகாயும் அவர்கள் வழியாகவே கீழைநாடுகளை அடைந்தது. இபேரிய நாட்டாரின் சொரீசோவைச் சிவப்பாக்கும் செடியும், யாழ்ப்பாணத்தார் கருவாட்டுப் பொரியலில் இடும் செத்தல் மிளகாயும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அவர்களின் லிங்குவீசா என்னும் சொசேஜ், லிங்குஸ் என்ற பெயருடன் இலங்கைப் பறங்கியர் சமையலறைகளிற் தங்கியது. வடமராட்சிப் பனையடிக்கோ வரவில்லை. பெயரை ஏற்ற தவறணை, உணவை ஏற்கவில்லை.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு ஒரு கரிய பக்கமும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளு அரசாங்கத்துக்கு வருவாயாயிற்று. தவறணைகள் குத்தகைக்கு விடப்பட்டன. இலாபம் குத்தகைக்காரரைச் சேர்ந்தது. தளநாரும் பாளைக்கத்தியுமாக நாள்தோறும் மரமேறியவர் கூலியோடு நின்றார். மது பல குடும்பங்களைக் கெடுத்தது என்று மதுவிலக்கு இயக்கத்தார் கூறியதில் உண்மை இருந்தது. ஆனால் அப்பழி பெரும்பாலும் மரமேறியவர் மீதே விழுந்தது. அவர் இறக்கிய கள்ளைப் பிளாவில் ஏந்திப் பருகியவர்களே, தேநீர்க் கடையில் அவருக்குச் சமமாகக் குவளை தர மறுத்தனர். 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் குடாநாட்டுத் தேநீர்க் கடைகளில் சம உரிமை பெறுவதற்கு 1960களில் போராட வேண்டியிருந்தது.

1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றிக் கள் விற்பனையை ஏற்றன. 1978ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. மரமேறியவர் தம் உழைப்பின் பயனில் ஒரு பங்கைக் கேட்கும் நிலை அப்போதுதான் உருவாயிற்று.

இன்று ஐரோப்பாவில் ஓர் ஊரின் சொசேஜை அவ்வூரின் பெயராலேயே சட்டம் காக்கிறது. அதைச் செய்பவர் மதிப்புக்குரிய கைவினைஞராகக் கருதப்படுகிறார். கரணவாய் உப்புக்கும், வடமராட்சிக் கருவாட்டுக்கும், பனங்கள்ளுக்கும் அவற்றுக்குக் குறையாத வரலாறு உண்டு. குறைந்திருந்தது, அவற்றை ஆக்கிய கைகளுக்கு உரிய மதிப்பு ஒன்றே. பாணனுக்குத் தேறலும் சுட்ட மீனும் அளித்த பரதவரைப் புலவர் பெருமையுடன் பாடினார். அந்தப் பெருமையை மரமேறுபவருக்கும் மீன் உலர்த்துபவருக்கும் மீட்டளிப்பது, பண்டத்தின் சுவையறிந்தோர் அனைவருக்கும் உரிய கடன்.