அக்காளும் தம்பியும் சொன்ன கதைகள்

ஷேக்ஸ்பியரை நான் முதலில் நாடகமாகப் படிக்கவில்லை, கதையாகத்தான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் துணைப்பாடமாக வைத்திருந்த லாம்ப் கதைகள். கேள்விக்கு விடை நெட்டுருப் போட்டுப் பரீட்சையும் தேறிவிட்டேன். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்துவிட்டதாகவே வெகு நாள் எண்ணியிருந்தேன்.

அந்தப் புத்தகம் பிறந்த கதை சோகமானது. சார்லஸ் லாம்ப் லண்டனில், கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதியவர். அவருடைய அக்காள் மேரி. 1796-இல் சித்தப்பிரமையின் வேகத்தில், பெற்ற தாயையே கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார் அந்த அம்மாள். தம்பி கைவிடவில்லை. தம் பொறுப்பில் அழைத்துவந்து, கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாமல் அக்காளைக் காப்பாற்றினார்.

குழந்தைகளுக்கான புத்தகங்களைப் பிரசுரித்து வந்த வில்லியம் காட்வின் குடும்பத்தாருக்காக இருவரும் எழுத உட்கார்ந்தார்கள். எதிர்பார்த்த வரும்படி 60 கினி. மொத்தம் 20 நாடகங்கள். சோக நாடகங்கள் ஆறைத் தம்பி எடுத்துக்கொண்டார், மற்ற 14-ம் அக்காள் எழுதியவை. ஒரே மேசைதான். மேரி பொடி போட்டுக்கொண்டே எழுதுவார்; ஒன்றும் சரியாக வரவில்லையே என்று தம்பி முனகிக்கொண்டிருப்பார். 1807-இல் புத்தகம் வெளிவந்தபோது தலைப்புப் பக்கத்தில் சார்லஸ் பெயர் மட்டும் இருந்தது.

முக்கியமாகப் பெண் குழந்தைகளுக்காகவே எழுதியதாக முன்னுரை சொல்கிறது. தகப்பனாரின் புத்தக அலமாரியைப் பையன்கள் சிறு வயதிலேயே திறக்கலாம். பெண்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மூடிய அலமாரிக்கு ஒரு சாவி செய்து கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனாலும் ஒரு நஷ்டம் உண்டு. 'நடுவேனிற் கனவு' நாடகத்தில் நெசவாளி, தச்சன், தையற்காரன் என்று ஆறு தொழிலாளிகள் காட்டில் கூடி நாடகம் ஒத்திகை பார்க்கிறார்கள். அந்த நெசவாளிக்கு எல்லா வேஷமும் தனக்கே வேண்டும், சிங்கத்தையும் விடமாட்டான்! கதையில் அவன் காட்டில் வழி தவறிய ஒரு கோமாளி, அவ்வளவுதான். பெயர்கூட இல்லை. ஒத்திகையும் இல்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். கதையில் ஆசிரியன் கூடவே வந்து, இவன் நல்லவன், இவள் பொல்லாதவள் என்று காதில் சொல்லிவிடுகிறான். நாடகத்தில் சொல்ல ஆளில்லை. பாத்திரம் பேசுகிறது, நாமே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. இன்று நாவலாகவும் படக்கதையாகவும் நாடகங்களைச் சொல்லித் தரும் உபாத்தியாயர்கள் இதை மறக்கலாகாது. மூலத்தைப் பின்னால் படிக்க வேண்டும் என்பதே லாம்புகளின் ஆசையும். நாங்கள் அந்தப் பின்னாலுக்குப் போகவே இல்லை.

எங்கள் வகுப்பில் நாற்பது பையன்கள். எல்லா வேஷமும் தனக்கே வேண்டும் என்கிறவன் பெஞ்சுக்கு ஒருவனாவது இருந்தான். ஒரு நாள், ஒரு மணி நேரம், அந்த ஒத்திகைக் காட்சியை எங்களிடம் கொடுத்திருக்கலாம்.