பழசெல்லாம் விலை போகாது

திருவனந்தபுரம் கரமனை அக்கிரகாரத்தில் ஒரு வீடு கைமாறுகிறது என்றால், பாத்திரக்காரருக்கும் பழைய புத்தகக்காரருக்கும் அடுத்தபடி, பழைய இசைத்தட்டு வாங்கும் எனக்குத்தான் போன் வரும். "பாட்டியோட பிளேட்டு ஒரு பெட்டி இருக்கு, வந்து பாருங்கோ. எல்லாம் அறுபது வருஷப் பழசு!" போய்த் திறந்தால் மேலாக இருப்பது எம்.எஸ்.ஸின் வேங்கடேச சுப்ரபாதம். 1963இல் வந்த எல்.பி. நான் ஏறி இறங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் அது இருந்தது. எல்லாரிடமும் இருக்கும் சாமானுக்கு யார் காசு கொடுப்பார்கள்? அதைச் சொன்னால், எம்.எஸ்.ஸையே குறை சொல்லிவிட்ட மாதிரி முகம் வாடிப்போகிறது.

அப்பா சாலைக் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். கிராமபோன் ஸ்பிரிங் மாற்றுவதும் அவர் வேலைதான். தட்டைத் தொடுமுன் முள் டப்பாவைக் கேட்பார். 78 சுற்றுத் தட்டுக்கு எஃகு முள்; ஒரு பக்கம் பாடி முடித்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் புது முள் மாட்ட வேண்டும். சிக்கனமான வீடுகளில் ஒரே முள் நாள் கணக்கில் ஓடும், தேய்ந்த முனை தட்டின் வரிகளை உழுதுவிடும். ஆகவே டப்பா நிறைய முள் மிச்சமிருந்தால் அப்பா பெட்டியைத் திறக்காமலேயே கிளம்பிவிடுவார். நானும் இன்றுவரை அப்படித்தான்.

பாடகி கௌஹர் ஜான் கல்கத்தாவில் பாடியதை கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பெர்க் பதிவுசெய்தது 1902இல். அந்தத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1908இல் சியால்தாவில் தொழிற்சாலை, பிறகு டம்டம். இங்கே வந்து சேர்ந்தவற்றில் தமிழ்த் தட்டுகள் ஏராளம். நாகர்கோவில் 1956 வரை திருவிதாங்கூரோடுதானே இருந்தது? தமிழ் நாடகக் கம்பெனிகள் இந்தப் பக்கமெல்லாம் கொட்டகை போட்டன. நாடகமே தட்டு செட்டாகவும் வந்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். கோவலன் கதை முடியக் கை ஓயாமல் சாவி கொடுக்க வேண்டும். செட்டில் ஒரு தட்டு உடைந்தாலும் விலை பாதிக்குக் கீழே. உடையாமல் என்ன செய்யும்? அரக்கில் கல்பொடி சேர்த்து அழுத்தியதுதானே 78.

1939இல் இந்த ஊரில் இசைக் கழகம் வந்தது. முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் செம்மங்குடியும் தலைமை ஏற்றார்கள். 1943இல் திருவிதாங்கூர் வானொலி. பாட்டு வீட்டுக்குள் இனாமாக வரத் தொடங்கியதும் பல பெட்டிகள் பரண் ஏறின. பரணில் கிடந்தவைதான் இன்று நல்ல நிலையில் கிடைக்கின்றன. கேட்டு ரசித்த வீட்டுத் தட்டைவிடக் கேட்காத வீட்டுத் தட்டுக்கு விலை அதிகம். அநியாயம்தான், ஆனால் இந்த வியாபாரம் அப்படி.

சினிமாத் தட்டுகள் வேறு ஜாதி. பெரும்பாலும் மைக் செட்காரர்களிடமிருந்து வருபவை. கல்யாணம், கோயில் கொடை என்று கோளாம்பி ஒலிபெருக்கி வழியாக ஊரையே எழுப்பியவை. லேபிளில் கடையின் ரப்பர் ஸ்டாம்ப், உறையில் பேனாவில் எழுதிய வரிசை எண். சென்னையில் சில சேகரிப்பாளர்கள் ஸ்டாம்பைக் கண்டாலே ஒதுக்குவார்கள். எனக்கு அது பிடிக்கும். தட்டு எந்த ஊரில் பாடியது என்று அது சொல்கிறது. விலையை மட்டும் கூட்டுவதில்லை.

உண்மையான கிராக்கி கடைசிக் காலத்துத் தட்டுகளுக்கு. யேசுதாஸ் 1980இல் இதே ஊரில் தரங்கிணி ஸ்டுடியோவைத் தொடங்கினார். ஓணப்பாட்டும் ஐயப்பன் பாட்டும் எல்.பி.யாகவும் வந்தன, கேசட்டாகவும் வந்தன. ஜனங்கள் கேசட்டை வாங்கினார்கள். எண்பதுகளின் முடிவில் எல்.பி. வாங்க ஆளில்லை, குறைவாக விற்றது இன்று குறைவாகவே கிடைக்கிறது. கீறலில்லாமல் உறையோடு ஒன்று அகப்பட்டால், அதைவிட இருபது வயது மூத்த சுப்ரபாதத்தைப்போல் பல மடங்கு கேட்கலாம்.

பீட்டில்ஸ் கதை இன்னும் வேடிக்கை. லண்டனில் அவர்கள் பாட்டு வினைலில் வந்துகொண்டிருந்த நாளில், டம்டம் அதே பாட்டுகளை பார்லோஃபோன் லேபிளில் 78ஆக அழுத்தியது. மின்சாரம் எட்டாத இடங்களில் சாவி கொடுக்கும் கிராமபோன்தானே இருந்தது! இங்கிலாந்துக்காரர்கள் இன்று அந்த இந்தியத் தட்டுகளுக்கு அலைகிறார்கள்.

இந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு மழை. தட்டில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். வினைலைச் சோப்புத் தண்ணீரில் துடைக்கலாம். 78ஐ ஸ்பிரிட்டில் துடைத்தீர்களோ, அரக்கு கரைந்து பாட்டும் போய்விடும். பார்லோஃபோன் லேபிள் போட்ட 78 யாரிடமாவது இருந்தால் பஞ்சும் பாட்டிலுமாக உட்காராதீர்கள். பூஞ்சையோடு அப்படியே கொண்டு வாருங்கள், விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.