மேசையோரம் வளர்ந்த இயந்திரப் போர்

1968 ஆகஸ்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸ் என்பவர் ஒரு மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்தார். போர் விளையாட்டுப் பிரியர்கள் சுமார் 100 பேர் கூடினார்கள். ஜென் கான் மாநாடு பிறந்தது. 1975-ல் பால்டிமோரில் ஆரிஜின்ஸ் என்ற மாநாடும் தொடங்கியது.

தொலைக்காட்சி விளம்பரத்துக்கு வழியில்லாத சிறு நிறுவனங்களுக்கு இந்த மாநாடுகளே பெரிய வாசல். சிகாகோவின் ஃபாசா நிறுவனம் 1984-ல் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்ற இயந்திரப் போர் விளையாட்டை வெளியிட்டது. 'டிராய்ட்' என்ற பெயருக்கு லூக்காஸ்ஃபிலிம் உரிமை கோரவே, மறு ஆண்டே அது 'பேட்டில்டெக்' ஆனது. அதன் இயந்திர வீரர்களைச் சின்சினாட்டியின் ரால் பார்த்தா நிறுவனம் உலோகத்தில் வார்த்தது.

விதிப்புத்தகம் யாரையும் சட்டென்று இழுத்துவிடாது. மாநாட்டில் போட்ட மேசைதான் இழுக்கும். அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம். ஒவ்வொரு கட்டமும் 30 மீட்டர் நிலம். அதன்மேல் விரலளவு உயரத்தில், வண்ணம் தீட்டிய இயந்திரங்கள். வேடிக்கை பார்க்க நிற்பவர் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து உட்கார வைப்பார்கள். இரண்டு பகடைகள் உருளும். அடி விழுந்தால் கவசத்தைக் குறிக்கும் சிறு வட்டங்களை அவரே அடித்துக்கொண்டு வரவேண்டும். எல்லா ஆயுதங்களையும் ஒரே சுற்றில் சுட்டால் இயந்திரம் சூடேறித் தள்ளாடும். அந்தத் தவிப்பை ஒருமுறை அனுபவித்தவருக்கு வேறு விளம்பரம் தேவைப்படாது.

2001-ல் ஃபாசா கடையை மூடியது. விளையாட்டு நிற்கவில்லை. 2003 முதல் ஜென் கான் நடப்பது இண்டியானாபொலிஸில். இப்போதைய பதிப்பாளரான கேட்டலிஸ்டுக்காகத் தன்னார்வலர்கள் மாநாடுகளில் மேசை போட்டுப் புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.