மைதானத்தைச் சமன் செய்தவர்கள்: விளையாட்டரங்க வரலாற்றை நாம் எங்கிருந்து வாசிப்பது?

திண்டுக்கல் பக்கம் இப்போது மைதானப் பேச்சு அதிகம். நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் 2016 முதல் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்கின்றன. 2024இல் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையை வென்றபோது நம் சேரித் தெருக்களிலும் வெடி வெடித்தோம். அதே ஆண்டு ஜனவரி 24 அன்று, பக்கத்து மதுரை மாவட்டத்தில், அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 66 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்றும் அரசு அறிவித்திருக்கிறது.

நல்லதுதான். நம் பிள்ளைகள் ஓடவும் எறியவும் இடம் வேண்டும். ஆனால் ஒரு அரங்கம் திறக்கப்பட்டால் எத்தனை இருக்கைகள், எத்தனை விளக்குகள், எத்தனை கோடி என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. மண் அடித்தவர் யார், அவருக்கு என்ன கூலி, அந்தக் கோடி யாருக்கு ஒதுக்கிய பணம், வாசலில் யாரை எப்படி உள்ளே விடுவார்கள் என்ற கேள்விகளைக் கேலரியிலிருந்து பார்த்தால் கேட்கத் தோன்றாது. ஆடுகளத்தில் உருளை இழுத்தவரின் பக்கம் நின்றால்தான் தோன்றும். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் வரலாறு வாசிப்போம்.

மண்குவளையில் தேநீர்

சென்னைக் கிரிக்கெட் வரலாறு ஒரு கதையைப் பெருமையோடு சொல்லும். சேப்பாக்கத்தில் வெள்ளையர்கள் பெவிலியனில் அமர்ந்து உண்ண, இந்தியர்கள் மரத்தடியில் உண்ண வேண்டியிருந்தது. அந்த அவமானம் பொறுக்காமல் புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்பது கதை. மரத்தடி அவமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் புனேவில் என்ன நடந்தது?

பல்வாங்கர் பாலு சாமர் சாதியில் பிறந்தவர். பார்சிகளின் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுத்து, மாதம் 3 ரூபாய் சம்பளம் வாங்கினார். பிறகு ஐரோப்பியர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். வலைப் பயிற்சியில் வெள்ளைக்கார மட்டையாளர்களுக்குப் பந்து வீசிப் போட்டே இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளராக வளர்ந்தார். வெள்ளையரை வெல்ல அவர் கை தேவைப்பட்டதால் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தைப் பிராமண ஆட்டக்காரரும் தொட்டார். தேநீர் இடைவேளையில் அவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலுவுக்குப் பெவிலியனுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண்குவளை. சாப்பாட்டுக்குத் தனி மேசை.

நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 1906இல் பம்பாயில் ஐரோப்பியரை இந்து அணி வென்றது. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் பாலு 114 விக்கெட் எடுத்தார். எடுத்தும் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1920இல் பாலுவை அணியிலிருந்து நீக்கி, அவர் தம்பி விட்டலுக்கும் தலைமையை மறுத்தபோது சகோதரர்கள் ஆட மறுத்து வெளியேறினார்கள். அந்த எதிர்ப்புக்குப் பின்தான், 1923இல் விட்டல் கேப்டன் ஆனார். பாலு பின்னாளில் 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார் என்பதும் இதே வரலாறுதான். அதற்காக அவர் வாங்கிய மண்குவளையை நாம் மறந்துவிட முடியாது.

இங்கே கட்டடத்தின் வேலையைக் கவனியுங்கள். ஆட்டத்தின் விதிகளில் சாதி இல்லை. பெவிலியனின் வாசற்படியில் இருந்தது.

எட்டே கால் ரூபாய்

இனி கட்டியவர்களுக்கு வருவோம். 1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம், இந்திரா காந்தி உள்ளரங்கம், நீச்சல் குளங்கள், மேம்பாலங்கள், வீரர்கள் தங்கும் குடியிருப்பு எல்லாம் அவசர அவசரமாக எழுந்தன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒடிசாவிலிருந்து ஏழைத் தொழிலாளர்களை ஜமாதார்கள் அழைத்து வந்தார்கள். ஜமாதார் என்றால் நம் ஊர்க் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஜமாதார் 1 ரூபாய் தரகு பிடித்துக்கொள்ள, கையில் கிடைத்தது 8 ரூபாய் 25 காசு. பெண்களுக்கு 7 ரூபாய்தான் என்றும் புகார். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளும் வேலையில் இருந்தார்கள்.

ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் (பி.யூ.டி.ஆர்.) மூன்று சமூக அறிவியலாளர்களை அனுப்பி விசாரித்தது. அந்த அறிக்கையை இணைத்து 1981 நவம்பர் 16 அன்று நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. "இவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், எங்கள் ஆட்கள் அல்ல" என்பது அரசுத் தரப்பின் வாதம். 1982 செப்டம்பர் 18 அன்று, போட்டி தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது, தீர்ப்பு வந்தது.

இளம் தோழர்கள் இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் படிக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்தால், சவுக்கைக் காட்டி மிரட்டாவிட்டாலும் அது கட்டாய உழைப்புதான், ஏனென்றால் பசியும் வறுமையும்கூடக் கட்டாயம்தான் என்றது நீதிமன்றம். அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்யும் 'பேகார்' என்பதற்குத் தமிழில் நமக்கு ஒரு பழைய சொல் உண்டு: வெட்டி. சோழர் கல்வெட்டுகளிலேயே இருக்கும் சொல் அது. கூலியில்லா ஊர் வேலைகளை நம் பாட்டன்மார் தலையில் கட்டிய சொல்லும் அதுதான். கட்டடம் கட்டுவதே அபாயமான தொழில் என்பதால் 24ஆவது பிரிவின்படி பிள்ளைகளை அதில் சேர்க்கக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. இன்னொன்றையும் சொன்னது: 17, 23, 24 ஆகிய பிரிவுகள் தனியாருக்கு எதிராகவும் செல்லும், அவற்றைத் தனியார் மீறினால் தடுப்பது அரசின் கடமை. 17 என்பது தீண்டாமை ஒழிப்பு. விளையாட்டரங்கக் கூலி வழக்கு ஒன்று, தீண்டாமைக்கு எதிரான நம் கருவியையும் கூர்மையாக்கிக் கொடுத்திருக்கிறது. கட்டட வேலை, செங்கல் சூளை, நூற்பாலை என்று எங்கே கூலி குறைத்தாலும் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுக்கலாம்.

தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவே ஆட்களை அடுக்கி, பொறுப்பைக் கரைத்துவிடும் இந்த ஏற்பாடு டெல்லியோடு நிற்கவில்லை. 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு கத்தாரில் பயன்பட்ட 8 அரங்கங்களில் 7 புதிதாகக் கட்டப்பட்டவை. போட்டி அந்த நாட்டுக்கு வழங்கப்பட்ட பிறகான பத்தாண்டில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் தொழிலாளர்கள் 6,500க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்ததாக 2021இல் 'தி கார்டியன்' கணக்கிட்டது. எல்லாத் துறையினரும் எல்லாக் காரணங்களும் அடங்கிய கணக்கு அது. அரங்கங்களில் மட்டும் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லும் நிலையில் பதிவேடுகள் வைக்கப்படவில்லை என்பதே பெரிய குற்றச்சாட்டு.

நம் பணத்தில் எரிந்த விளக்குகள்

2010இல் மீண்டும் டெல்லி. காமன்வெல்த் போட்டிக்காக அரங்கங்கள் புதுப்பிக்கப்பட்டன, சாலைகள் போடப்பட்டன. வீட்டுவசதி மற்றும் நில உரிமைகள் வலையமைப்பு என்ற அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேள்வி கேட்டது. பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறு திட்டத்திலிருந்து 2006-07 முதல் ஏறத்தாழ 744 கோடி ரூபாய் இந்தப் போட்டிச் செலவுகளுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது தெரிய வந்தது. சிறப்புக் கூறு திட்டம் 1979-80இல் தொடங்கியது. அந்த நிதியை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்பது விதி. தலித் அமைப்புகள் தெருவில் இறங்கின, நாடாளுமன்றம் கொந்தளித்தது. ஆகஸ்ட் 31 அன்று உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

நம் மாணவர்களின் விடுதியாகவும் உதவித்தொகையாகவும் ஆகியிருக்க வேண்டிய பணம். அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரு மனுவும் பட்ஜெட் புத்தகத்தை வரி வரியாகப் படிக்கும் பொறுமையும்.

கோயில் திடலும் அரசு அரங்கமும்

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். நத்தம், சாணார்பட்டி பக்கத்து ஊர்களில் மாடு அவிழ்க்கும் திடல் பெரும்பாலும் கோயில் திடல் அல்லது மாதா கோயில் திடல். முதலில் சாமி மாடு. பிறகு ஊர் மரியாதை, அதில் சாதி வரிசை. விழாக் கமிட்டியில் யார் இருப்பது, யாருடைய காளைக்கு எப்போது வாடிவாசல் திறப்பது என்பதெல்லாம் பல ஊர்களில் அந்த வரிசைப்படியே. காளை வெளியே வரும்போது உரிமையாளரின் பெயரோடு சாதியையும் ஒலிபெருக்கியில் சொல்லும் வழக்கத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தப்படிக்க நாம் வேண்டும், மரியாதைத் துண்டு வேறு தோளுக்கு.

அரசுப் பணத்தில் கட்டிய அரங்கத்தில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. அரசியலமைப்பின் 15(2) பிரிவு, அரசு நிதியில் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. கிணறு, குளம், சாலை என்று வரும் அதே பிரிவில்தான் பொது இடமும் வருகிறது. மகாத் குளத்தில் 1927இல் அண்ணல் இறங்கியது எதற்காகவோ, அதற்காகவே விளையாட்டரங்கத்தின் வாசலும் நமக்கு முக்கியம். ஊர்த் திடலை விட்டுக்கொடுத்துவிட்டு அரங்கத்தில் மட்டும் சமத்துவம் போதும் என்று சொல்லவில்லை. அரசு நிதியில் பந்தோபஸ்தும் மருத்துவமும் பெற்று நடக்கும் திடலுக்கும் தீண்டாமைத் தடை பொருந்தும்.

ஆகவே திண்டுக்கல் மாவட்டத்தின் ஏழு தொகுதிகளில், தனித் தொகுதியான நிலக்கோட்டை உட்பட, எங்கே அரங்கம் வந்தாலும் நாம் செய்ய வேண்டியவை உண்டு. இடம் எது, அது பஞ்சமி நிலமா, நம் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் நடந்து போகும் தூரமா என்று கிராமசபையில் கேளுங்கள். வேலை நடக்கும்போது ஒப்பந்தக்காரரின் கூலிப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்தத் தலைப்பிலிருந்து பணம் வந்தது என்று கேளுங்கள். மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நமக்கு நிதி ஒதுக்கச் சொல்லும் தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024 முதல் நம் கையில் இருக்கிறது. திறப்பு விழாவுக்குப் பிறகு உடை மாற்றும் அறையும் தண்ணீர்க் குழாயும் எல்லோருக்கும் ஒன்றுதானா என்று போய்ப் பாருங்கள்.

உருளை இழுத்தது பாலுவின் கை, செங்கல் சுமந்தது ஆசியாட் தொழிலாளியின் தலை, விளக்குக்குப் பணம் கொடுத்தது நம் விடுதி மாணவரின் பங்கு. இத்தனை கொடுத்த மைதானத்துக்குள் நாம் யாரிடமும் அனுமதி கேட்டு நுழைய வேண்டியதில்லை. கணக்குக் கேட்டு நுழைவோம்.