ஏற்றத்துக்கு ஏற்ற நாசில்

பாரம் ஏற்றிய டிரெய்லர் சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கிப் போகும்போது, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் அதன் நாசில் எப்படிப்பட்டது என்று தொப்பூர் கணவாயில்தான் தெரியும். சமதரையில் எந்த நாசிலும் ஓடிவிடும். ஏற்றத்தில் திணறிய வண்டியோடு பம்ப் கடைக்கு வரும் டிரைவர் தம்பிகள் ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: “மேஸ்திரி, வண்டி மூச்சு வாங்குதுங். நாசிலை ஒரு சைஸ் பெருசாப் போட்டுக் குடுங்.” கேலிப்ரேஷன் பெஞ்ச் முன்னாலேயே தலை நரைத்தவன் நான். பெரிய நாசில் என்றால் பெரிய இழுவை என்ற நம்பிக்கை எத்தனை இன்ஜின்களைத் தின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளியது அழுத்தப்பட்ட காற்று. அதற்கென்று தனியாக ஒரு கம்ப்ரஷர் வேண்டும். அந்தப் பளுவோடு இன்ஜினை லாரியில் ஏற்ற முடியவில்லை. தொழிற்சாலையிலும் கப்பலிலும்தான் அது ஓடியது. 1922இல் ராபர்ட் போஷ், கம்ப்ரஷர் இல்லாமலே எண்ணெயைத் தள்ளும் டீசல் பம்ப் செய்யும் வேலையைத் தொடங்கினார். 1927இல் அது தொடர் உற்பத்திக்கு வந்தது. ஒரு பேரல், அதற்குள் ஒரு பிளஞ்சர், இரண்டுக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளி. ஜோடி ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை என்பதால் ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றில் போடக்கூடாது. டீசல் லாரி பரவியதற்கு இன்ஜினை விட இந்தச் சின்ன ஜோடிக்குத்தான் நான் அதிகப் பெருமை கொடுப்பேன்.

நம் பக்கம் அது பெங்களூர் வழியாக வந்தது. 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனி, போஷின் நுட்பத்தோடு பம்பும் நாசிலும் செய்தது. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடா-மெர்சிடிஸ் லாரி, அதற்கடுத்த ஆண்டு எண்ணூரில் அசோக் லேலண்ட் என்ற பெயர் என்று வரிசையாக வர, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரித் தொழிலும் மெல்ல வளர்ந்தது. 2008இல் கம்பெனியின் பெயர் போஷ் என்று மாறியும் பழைய ஆட்கள் இன்னும் “மைக்கோ நாசில்” என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

நாசிலின் உடம்பில் எழுத்து பொறித்திருக்கும். டி.எல்.எல்.ஏ. 150 என்றிருந்தால் அந்த 150, எண்ணெய் விரிந்து பீய்ச்சும் கோணம். இதைக் கவனிக்காமல், துளை பெரிதாக இருக்கிறதே என்று வேறு வண்டியின் நாசிலைப் போட்டால் பீய்ச்சல் பிஸ்டன் குழிக்குள் விழாது. சிலிண்டர் லைனர் சுவரில் அடித்து அங்குள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். லைனர் தேயும், சம்ப்பில் ஆயிலோடு டீசல் கலக்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, நாசிலைச் சோதிக்கும் டெஸ்டரின் கைப்பிடியை மெதுவாக அழுத்துவார். 200 பாரை ஒட்டி ஊசி தூக்கும். கர்ரென்று ஒரு சத்தம் வரும். எல்லாத் துளையிலும் ஒரே அளவுப் புகைமூட்டம் தெரிய வேண்டும். பீய்ச்சி முடித்த பிறகு நுனியில் ஒரு சொட்டும் தொங்கக் கூடாது. எதிரே கையை மட்டும் நீட்டவே விடமாட்டார்: அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்துவிடும்.

கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ பரவலாவதற்கு முன் இழுவை கூட்டுவதற்கு இரண்டு வழிகள்தான் இருந்தன: நாசிலைப் பெரிதாக்குவது, பம்பில் எண்ணெய் அளவுத் திருகைத் திறந்துவிடுவது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் 18, 20 கிலோவாவது இல்லாவிட்டால் கரும்புகை. காற்றைக் கூட்டாமல் எண்ணெயை மட்டும் கூட்டினால் மிச்சம் புகையாகவும் சூடாகவும்தான் போகும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் அலாய் அதற்கும் முன்பே இளகும். அப்படி ஓடிய ஒரு வண்டியின் பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தலைப்பகுதி ஒரு பக்கம் கரைந்து, ரிங் இருக்கும் இடம்வரை வழிந்திருந்தது. முதலாளி மிச்சம் பிடித்த ட்ரிப் நேரமெல்லாம் அந்த ஒரு பிஸ்டனில் போயிற்று.

இதே பாடத்தை அமெரிக்காவில் வேறு ஆட்கள் படித்தார்கள். 1989 மாடல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் கம்மின்ஸின் 5.9 லிட்டர் டர்போ டீசல் வந்தது: 160 குதிரைத்திறன்தான், ஆனால் 540 நியூட்டன் மீட்டருக்கு மேல் டார்க். குதிரை ஏற்றும் வண்டி, படகு, நடமாடும் வீடு என்று டிரெய்லர் இழுக்கிறவர்கள் அதை மொய்த்தார்கள். 1994இல் அதற்கு பி டைப் இன்லைன் பம்ப் வந்ததும், நாசிலைப் பெரிதாக்கும் ஆசை அங்கே தனித் தொழிலாகவே வளர்ந்தது. அதே பி சீரிஸ் இன்ஜின் 1993இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் வழியாக நம் ரோட்டுக்கும் வந்தது. அங்கே விவரமாக டிரெய்லர் இழுப்பவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெப்பமானி மாட்டிவிட்டுத்தான் நாசில் பேச்சையே எடுப்பார்கள். ஏற்றத்தில் முள் 700 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கால் தானாகப் பின்வாங்கும். நம் ஊரில் அந்த மீட்டர் வழக்கத்துக்கு வரவே இல்லை. வந்திருக்க வேண்டும்.

1995இல் ஜப்பானில் டென்சோ, ஹினோ லாரிக்கு, எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் எண்ணெய் தரும் காமன் ரெயில் கொடுத்தது. 1997இல் போஷ் அதைக் காரில் கொண்டுவந்தது. இந்தியாவில் 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 புகை விதி நாடு முழுவதும் கட்டாயமாகி, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது கைப்பிடி டெஸ்டரின் காலம் முடிந்தது. 200 பார் இருந்த இடத்தில் இன்று 2000 பார். நாசிலைத் தாங்கும் இன்ஜெக்டர்கள் பலவற்றின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். தயாரிப்பில் அது காட்டிய சின்னஞ்சிறு அளவு வித்தியாசத்தைச் சொல்வது அது. புதிதாக மாட்டியதும் அதை இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம்மில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் கம்ப்யூட்டர் பழைய இன்ஜெக்டரின் கணக்கிலேயே எண்ணெய் அளந்துகொண்டிருக்கும்.

இன்று ரோட்டில் ஓடும் லாரிக்குப் பெரிய இன்ஜெக்டர் கேட்டால் நான் போடுவதில்லை. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஒரு காரணம். கூடுதல் புகை, கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியை அடைத்துவிடும் என்பது இன்னொன்று. இழுவைக்கு வேண்டியது, ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஆறு இன்ஜெக்டரும் ஒரே அளவு பீய்ச்சுகிற ஒரு செட். ஒன்று மட்டும் கூடுதலாக ஊற்றினால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டன்தான் முதலில் உருகும். ஆகவே டெஸ்ட் பெஞ்ச் சீட்டோடு வருகிற செட்டை வாங்குங்கள். ஐட்லிங், பாதி லோடு, முழு லோடு என ஒவ்வொரு நிலையிலும் ஆறு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதோடு இன்ஜெக்டர் பீய்ச்சாமல் திருப்பி விடும் ரிட்டர்ன் எண்ணெயையும் அளக்கச் சொல்லுங்கள். ஆறில் ஒன்று மட்டும் நிறையத் திருப்பி விடுகிறது என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த செட் வேண்டாம்.