ஒரே கம்பெனி, இரண்டு பென்ஷன்

2010 கோடையில் மகள் வீட்டுக்கு மிச்சிகன் போயிருந்தோம். டெட்ராய்ட்டுக்கு வடக்கே ட்ராய் என்று ஒரு ஊர். காலையில் பூங்காவில் நடக்கும்போது ஒரு வெள்ளைக்காரர் பழக்கமானார். கார் உதிரி பாகங்கள் செய்யும் டெல்ஃபை கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் அம்பத்தூரில் உதிரி பாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்றதும் நெருக்கமாகிவிட்டார். ஒரு நாள் திடீரென்று, "உங்களுக்கு யூனியன் இருந்ததா?" என்று கேட்டார். தொழிலாளிகளுக்கு இருந்தது, எங்களைப் போன்ற ஸ்டாஃபுக்கு இல்லை என்றேன். "அப்படியானால் என் கதை உங்களுக்குப் புரியும்" என்றார்.

அவர் கதையைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1936 டிசம்பர் 30 அன்று ஃப்ளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். வெளியே போனால்தானே வேறு ஆளை வைத்து மெஷினை ஓட்டுவார்கள்? 44 நாள் உள்ளிருப்பு. கடுங்குளிர். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. உள்ளேயிருந்து கார் கதவுக் கீல்களும் தண்ணீர்க் குழாயும் பதில் சொன்னன. மிச்சிகன் கவர்னர் ஃப்ராங்க் மர்ஃபி ராணுவத்தை வரவழைத்தார். ஆனால் தொழிலாளிகளை வெளியேற்ற அதைப் பயன்படுத்த மறுத்துவிட்டார். அந்த ஒரு மறுப்பில்தான் யு.ஏ.டபிள்யூ. என்கிற வாகனத் தொழிலாளர் சங்கம் நிலைபெற்றது. 1937 பிப்ரவரி 11 அன்று கம்பெனி சங்கத்தை அங்கீகரித்தது.

போருக்குப் பிறகு சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் விரும்பியது, எல்லாக் குடிமக்களுக்கும் அரசாங்கமே நல்ல பென்ஷனும் வைத்தியமும் தரவேண்டும் என்பதுதான். அது நடக்கவில்லை. சரி, கம்பெனியிடமே வாங்குவோம் என்று திரும்பினார். 1950இல் ஜெனரல் மோட்டார்ஸுடன் ஐந்து வருஷ ஒப்பந்தம். பஞ்சப்படி உண்டு, வைத்தியச் செலவில் பாதி உண்டு, அரசு பென்ஷனையும் சேர்த்து மாதம் 125 டாலர் ஓய்வூதியம் உண்டு. அன்றைக்கு எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் தொழிலாளியின் முதுமை கம்பெனியின் பிழைப்போடு முடிச்சுப் போடப்பட்டதும் அன்றைக்குத்தான். கம்பெனி விழுந்தால் கிழவனும் விழுவான்.

முதல் ஆட்டம் 1979இல். கிரைஸ்லர் அந்த ஒரே வருஷத்தில் 110 கோடி டாலர் நஷ்டம். ஃபோர்டில் வேலை நீக்கப்பட்ட லீ அயகோக்கா அங்கே தலைவராக வந்து வாஷிங்டனில் கையேந்தினார். ஆலை மூடினால் ஓட்டுப் போகும் என்று தெரிந்த எம்.பி.க்களிடம் சங்கமும் போய் நின்றது. 1980 ஜனவரி 7 அன்று அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். 150 கோடி டாலர் வரை கடனுக்கு அரசு ஜாமீன். பணம் அல்ல, ஜாமீன்தான். அதுவும் சும்மா இல்லை. சங்கத் தொழிலாளர்கள் 46 கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். வங்கிகளும் விநியோகஸ்தர்களும் தங்கள் பங்குக்கு இறங்கிவந்தார்கள். பதிலுக்கு சங்கத் தலைவர் டக்ளஸ் ஃப்ரேசருக்கு இயக்குநர் குழுவில் ஒரு நாற்காலி கிடைத்தது. சம்பளம் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே மேஜையில்! நம் ஊர் சங்கத் தலைவர் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால் மறுநாளே கேட் மீட்டிங்கில் துரோகி என்றிருப்பார்கள். 1983இல் கிரைஸ்லர் கடனை ஏழு வருஷம் முன்னதாகவே அடைத்தது. அரசுக்கு 31 கோடி டாலர் லாபம். இந்தச் சந்தோஷத்தில், இடையில் வேலை போன பல்லாயிரம் பேரை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2008 அவ்வளவு சுலபமாக இல்லை. மூன்று கம்பெனித் தலைவர்களும் தனித்தனி ஜெட் விமானத்தில் வந்திறங்கி நிதி கேட்டது ஊர் சிரித்த கதை. அடுத்த முறை காரில் வந்தார்கள். செனட்டில் பேச்சு உடைந்ததற்குக் காரணம் சம்பளம். ஜப்பானியக் கம்பெனிகளின் அமெரிக்க ஆலைகளில் கொடுப்பதற்குச் சமமாக உடனே இறக்கு என்றார்கள். சங்கம் தேதி குறிக்க மறுத்தது. ஒரு தொழிலாளிக்கு மணிக்கு 70 டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. கையில் வாங்கிய கூலி சுமார் 28 டாலர்தான். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களின் செலவையும் சேர்த்து, இப்போது வேலை செய்கிறவர்களின் மணிக்கணக்கால் வகுத்தால் 70 வரும். காஸ்டிங் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

டிசம்பரில் புஷ், வங்கிகளுக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து 1,740 கோடி டாலர் கொடுத்தார். பிறகு ஒபாமா. 2009 ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லர் திவால், ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால். புதிய ஜெனரல் மோட்டார்ஸில் அரசுக்கு சுமார் 61 சதவீதம், ஓய்வு பெற்றவர்களுக்கான சங்க வைத்திய அறக்கட்டளைக்கு 17.5, கடன் பத்திரக்காரர்களுக்கு 10. சங்கத்துக்குச் சலுகை என்று ஒரு கூச்சல் எழுந்தது. அதே சங்கம்தான் 2007இலேயே புதிதாகச் சேரும் பையன்களுக்குப் பாதிக் கூலி என்று ஒப்புக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூத்தவர்களைக் காப்பாற்ற இளையவர்களை விட்டுக்கொடுத்தார்கள். 2013இல் கடைசிப் பங்கையும் விற்றபோது இந்த ஒரு கம்பெனியில் மட்டும் அரசுக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

இனி அந்த பூங்கா நண்பர். டெல்ஃபை, ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து 1999இல் பிரிந்த கம்பெனி. 2005இல் திவால். 2009இல் அதன் பென்ஷன் திட்டங்களை அரசு காப்பீட்டுக் கழகம் எடுத்துக்கொண்டது. அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. சீக்கிரம் ஓய்வு பெற்றிருந்தால் இன்னும் குறையும். சங்கத் தொழிலாளிகளுக்கு அந்தக் குறையை ஜெனரல் மோட்டார்ஸ் ஈடுகட்டியது. பிரியும்போதே சங்கம் எழுதி வாங்கியிருந்தது. சங்கம் இல்லாத மாதச் சம்பளக்காரர்கள் சுமார் 20,000 பேர். அவர்களுக்கு ஈடு இல்லை. சிலருக்கு பென்ஷனில் 70 சதவீதம் வரை போயிற்று.

"என் கீழே வேலை பார்த்தவனுக்கு முழுசாக வருகிறது. எனக்கு பாதிகூட இல்லை" என்றார். அவன் மேல் கோபமா என்று கேட்டேன். "அவன் என்ன செய்தான்? சந்தா கட்டினான்" என்றார்.

எனக்கு எங்கள் ஆலை மூடிய மாதம் ஞாபகம் வந்தது. சங்கத்தார் நஷ்டஈட்டுக்குப் பேரம் பேச உள்ளே போனபோது, ஸ்டாஃபான நாங்கள் டைம் ஆபீஸ் வாசலில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். எங்களுக்காகப் பேச உள்ளே யாரும் இல்லை.

அந்த 20,000 பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. 2014இல் நாங்கள் மறுபடி போனபோது அந்த நண்பர் பூங்காவில் இல்லை. வீட்டை விற்றுவிட்டு மகனிடம் போய்விட்டதாக, நாயைக் கூட்டிவரும் ஒரு அம்மா சொன்னார்.